அண்ணன் போட வேண்டிய கையெழுத்து

மதிக்கு,

மூன்று வருடம் வாய்மூடி இருந்தது போதும்.

குடியில் விழுந்த பெண்களைத் தேற்றும் உன் இல்லத்தில் என் தங்கை இனியாவைச் சேர்க்க, ரத்த உறவினர் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. படிவத்தை என்னிடம் நீட்டினாய்.

"ஏனுங்க, இதுல மட்டும் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க."

"நம்மூட்டுப் பொம்பள குடிக்கறான்னு நானே எழுதிக் குடுக்கோணுமா?"

இனியா சிரித்தாள். "விடுங்கண்ணி. எங்கண்ணன் எனக்குக் கல்யாணப் பத்திரிகையிலதான் பேரு போடுவாரு."

நான்கே மாதத்தில் ஈரல் கெட்டு இறந்துபோனாள். ஊரார் பெண்களையெல்லாம் காப்பாற்றினாய், அவளை விட்டுவிட்டாய் என்று பழிசொல்லி உன்னை உன் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

விதியை மீறி நீயே சேர்த்திருக்கலாம் என்று இன்றும் மனம் முரண்டுகிறது. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

அவளுக்குப் போடாத கையெழுத்தை இந்தக் கடிதத்தில் போட மனம் வரவில்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.