வடக்கு வாயிலைத் திறக்க ஒரு வாக்கெடுப்பு

மார்ச் 3, 2094. காலை 7.10
வேங்கைமலை தேசியப் பூங்கா, ஆய்வு நிலையம். எழுதுவது தாவரவியலாளர் மங்கையர்க்கரசி. வெப்பம் 36 பாகை. கருவிகள் சரியாக இயங்குகின்றன. நேற்றுப் பொது வாக்கெடுப்பு முடிந்தது. பூங்காவுக்குள் இனி மனித நடமாட்டமே வேண்டாமென்று மாநிலமே கைப்பேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நல்ல முடிவு. நாளை கிளம்புகிறேன்.

மார்ச் 4. காலை 9.30
வடக்கு வாயில் திறக்கவில்லை. மின்வேலி இப்போது இயந்திரத்தின் பொறுப்பில். மக்கள் தீர்ப்பை மக்கள்தான் மாற்ற முடியுமாம். வெளியிலிருந்து வேலிப் பொறியாளர் ரெஜினால்டு வானொலியில் பேசினார்: "உள்ள யாருமே இல்லன்னு அதுல பதிஞ்சிருக்கு மேடம். கொஞ்சம் பொறுங்க."
நான் மட்டுமா? கீழ்ப்பாடி ஊரே உள்ளேதான் இருக்கிறது.

மார்ச் 6. மாலை 4.00
தெற்குச் சரிவில் காட்டுத்தீ. கீழ்ப்பாடித் தலைவி வெள்ளச்சியிடம் வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன். "எங்கள யாரு கேட்டா அம்மணி? இங்க டவரே இல்லியே" என்றாள்.

மார்ச் 7. காலை 11.20
தீ ஓடையைத் தாண்டிவிட்டது. புகையில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. ரெஜினால்டு போராடி அவசர வாக்கெடுப்பு வாங்கியிருக்கிறார். மூன்று மணிக்குள் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். "எல்லா போனுக்கும் போயிருச்சு மேடம். ஒரு தட்டு தட்டினா போதும்." ஊரோடு வாயிலில் காத்திருக்கிறோம். குழந்தைகள் இருமுகிறார்கள்.

பிற்பகல் 3.02
வேலியின் ஒலிபெருக்கி: "திறக்கலாம் என்றோர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வாக்களித்தோர் நூற்றுக்குப் பதினொன்று. போதிய பங்கேற்பு இல்லை. முந்தைய தீர்ப்பே நீடிக்கும். நன்றி."
வானொலியில் ரெஜினால்டு அழுவது கேட்கிறது.

3.25
ரெஜினால்டு வெளியிலிருந்து லாரியை வாயில்மேல் மோதுகிறார். பொறி பறக்கிறது. வாயில் அசையவில்லை. "தள்ளி நில்லுங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க!" மறுபடி பின்னுக்குப் போகிறார்.
வெப்பம் தெரியவில்லை. நிலையத்திலிருந்த கருவி எரிந்துபோயிருக்கும்.

3.31
வெள்ளச்சி குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்து ஈரப்போர்வை போர்த்துகிறாள். நிமிராமலே கேட்கிறாள்: "மத்தவங்கெல்லாம் என்ன செஞ்சிட்டிருந்தாங்க அம்மணி?"
லாரி வருகி