மைனரில் மிஞ்சிய ரப்பர்த் துண்டு

அன்பு மாமிக்கு,

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் கவினி என் கையை விடுவதில்லை. இப்போதுதான் இழுப்புக் குறைந்து தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று இடைக்கிடை எழுந்துபோய் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். உங்கள் மகன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேலை, வார முடிவில்தான் வருவார். நீங்கள் இருந்திருந்தால், "லைட்டை நூத்துப்போட்டுப் படுகா, பிள்ளை எங்கயும் ஓடிப் போகாது" என்றிருப்பீர்கள்.

கவினியை நீங்கள் காணவில்லை. சண்டை முடிந்த மறுவருடம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அவள் அதற்குப் பிறகு வந்தவள். நெற்றியும் பிடிவாதமும் மாமியேதான் என்று தேற்றாத்தீவு ஊரே சொல்கிறது. நெஞ்சுதான் யாருடையதென்று தெரியவில்லை. மழை இறங்கினால் விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

றோட்டில் இப்போது சோதனைச் சாவடிகள் இல்லை மாமி. காருக்குள் விளக்கைப் போட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து போகத் தேவையில்லை. ஆனாலும் அந்த இடங்கள் வந்தால் என் கை தானாகவே விளக்குச் சுவிச்சைத் தேடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?

நான் சொல்ல வந்தது மைனரைப் பற்றி.

உங்களையும் அந்த மொரிஸ் மைனர் காரையும் நான் ஒன்றாகத்தான் முதலில் கண்டேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. கொக்கட்டிச்சோலையில் ஓடி வந்தவர்களுக்குச் சமைக்க எங்கள் பள்ளிக்கூட வளவுக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, சேறு அப்பிய ஒரு பழைய கார் வந்து நின்றது. உள்ளே அடுக்கி வைத்ததுபோல அயல்வீட்டுப் பிள்ளைகள். தண்ணீர் கார்ச் சில்லை மூடத் துரத்தி வந்ததாக மூத்த பிள்ளை அழுதழுது சொன்னாள். கதவைத் திறந்தால் குடம் கவிழ்ந்ததுபோலத் தண்ணீர் கொட்டும் என்று நினைத்தேன். கொட்டவில்லை. காலடிச் சாக்கு மட்டும்தான் நனைந்திருந்தது. கதவைச் சுற்றிப் பார்த்தேன். செருப்பை நாடா நாடாவாக வெட்டி ஒட்டிய ரப்பர்.

பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து முடிந்ததும் நீங்கள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "நல்ல தண்ணி ஒரு வாளி தா கிளி. கடலுப்பு இருந்தா இரும்பத் திண்டிரும்." உங்கள் வீடு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. நீங்களோ என்னோடு நின்று காரைக் கழுவினீர்கள். கழுவும்போதே என் பெயர், அப்பாவின் பெயர், என்ன படிக்கிறேன் என்பதெல்லாம் கேட்டு முடித்துவிட்டீர்கள். பெண்பார்த்தது அப்போதுதான் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

மாமா செத்தபின் காரை விற்கச் சொன்னவர்களிடம், "வித்துப்போட்டு மறுகா என்னத்தில ஏறுற? உங்கட முதுகிலயா?" என்று கேட்டவர் நீங்கள். ஊரடங்கிலும் பிள்ளைத்தாச்சிகளை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அந்த வருடங்களில் ஒரு ஒயர்த்துண்டு, ஒரு பெற்றோல் குழாய் சாவடி தாண்டி வராது. வயது போன காரில் ரப்பர்தான் முதலில் சாகும் என்பீர்கள். வெடித்த ரப்பருக்குப் பதில் செருப்பு. நொறுங்கிய சிக்னல் மூடிக்கு மஞ்சள் நிறச் சவர்க்காரப் பெட்டி. கதவைத் தடவிப் பார்த்து "இது என்ன?" என்று கேட்ட ஆமிக்காரப் பொடியனுக்கு, "செருப்புத்தான் தம்பி. காலில போட்டா நான் நடப்பன், கதவில போட்டா கார் நடக்கும்" என்றீர்களாம். அவன் சிரித்துக்கொண்டே கயிற்றைத் தாழ்த்தினானாம். எத்தனை தாய்மார் அந்தச் சிரிப்பில் தப்பியிருப்பார்கள்?

அந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் இன்னும் தட்டில்தான் இருக்கிறது. நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் அதைக் கண்டு, பேரப்பிள்ளைக்கு இப்போதே அவசரப்படுகிறீர்கள் என்று வெட்கப்பட்டேன். கடைக்காரப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.

"என்னகா, மருமகளுக்கு விசேசமா?"

"மருமகளுக்கு ஒண்டுமில்லகா. மைனருக்குத்தான் வயிறு சரியில்ல."

பிரேக்குக்குள் இருக்கும் சின்ன ரப்பர்க் கிண்ணங்களை அந்த எண்ணெயில்தான் கழுவுவீர்கள். கதவு ரப்பருக்கும் அதையே தொட்டுப் பூசுவீர்கள். "பச்சப் பிள்ளைக்குப் பூசுறதுதான் இதுக்கும். வேற எண்ணெய் காட்டப்படாது." நான் கம்பஸில் இரசாயனம் படித்தவள். மற்ற எண்ணெய்கள் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும், ஆமணக்கெண்ணெய் அப்படி ஊறாது என்று விளக்கியபோது நீங்கள் குழந்தைபோலக் கைதட்டினீர்கள். "பாத்தியா, எனக்குத் தெரிஞ்சது உன்ட புத்தகத்திலயும் இரிக்கி!"

ஆனால் உங்கள் மகன் இருக்கிறாரே. போன சரஸ்வதி பூசைக்கு அம்மாவின் கார் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கவினியோடு நான் என் தாய்வீட்டில் நின்றேன். ஒரு கதவின் ரப்பர் முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசினார். பிரேக்கைக் கழற்றி, கிண்ணங்களை மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பப் பூட்டிச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். வந்து பார்த்தேன். கதவு ரப்பர் புட்டுப்போல உப்பி, கதவைச் சாத்தவே முடியவில்லை. "எண்ணெய் எண்ணெய்தானே" என்றார். கதவைப் பார்த்துச் சிரித்த நான் பிரேக்கை நினைக்கவில்லை. அவர் அதையும் கழுவினார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த மாரியில் கவினிக்கு இழுப்புக் கூடிவிட்டது. கொட்டும் மழை, பஸ் இல்லை. பின்சீற்றில் பக்கத்துவீட்டு வசந்தியின் மடியில் அவளைப் படுக்கவைத்து மைனரை எடுத்தேன். கல்லடிப் பாலத்தடியில் பிரேக்கை மிதித்தேன். மிதி அப்படியே தரைக்குப் போனது. முன்னால் நெல்மூட்டை ஏற்றிய லொறி. ஐயோ மாமி, உங்கள் குரல்தான் காதில் கேட்டது: "ஒருக்கா மிதிச்சிட்டு நிக்காதகா, குத்து, குத்து, நெல்லுக் குத்துற மாதிரிக் குத்து!" குத்தினேன். கியரைக் குறைத்தேன். லொறியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் மைனர் நின்றது. வசந்தி கண்ணைத் திறக்காமலே, "நிண்டுட்டா கா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் கவினிக்கு மூக்கில் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை.

பிரேக்குக் கிண்ணங்களையும் மண்ணெண்ணெயில் கழுவியதை உங்கள் மகன் பிறகுதான் சொன்னார்; அதில் ஊறி அவையும் உப்பிவிட்டன. காரைக் கொடுத்துவிடுவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் மாட்டேன் என்றேன். அடுத்த இழுப்புக்கு எதில் ஏறுவது? அவருடைய முதுகிலா? (சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது, யாருடைய வாய் இது என்று.)

டவுனில் கராச் வைத்திருக்கிற பறங்கி மெல்வின் அங்கிளிடம் காரை விட்டேன். பிரேக்குக்கும் பெற்றோல் குழாய்க்கும் எல்லாம் புது ரப்பர். இப்போது கொழும்பிலிருந்து சாமான் வருகிறது மாமி. கதவுக்கும் புதிது போடட்டுமா என்று கேட்டார். உப்பியதை மட்டும் மாற்றச் சொன்னேன். நல்லதாய் இருந்த உங்கள் செருப்பு நாடாவைத் தொடவிடவில்லை. சவர்க்காரப் பெட்டியும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு ஒரு துண்டு மிஞ்சிவிட்டது. அரைச் சந்திரன் போல வெட்டிய செருப்புக் குதி, நடுவில் ஒரு ஆணி ஓட்டை. கழற்றும்போது காருக்கடியில் விழுந்து கிடந்ததாம். "இது ஒரு இடத்துக்கும் பொருந்துதில்ல பிள்ள. ஆனா உன்ட மாமி சும்மா ஒண்டையும் வெட்டமாட்டா" என்றார் மெல்வின் அங்கிள். உங்கள் மகன் எறியச் சொல்கிறார். எப்படி எறிவது? ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எங்கேயோ இருந்து வேலை செய்திருக்கிறது. அது இல்லாமலே டவுனிலிருந்து வீடுவரை ஓட்டி வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

ஆனாலும் காரை நிறுத்தி வைக்கப்போவதில்லை. வசந்திக்கு இது ஒன்பதாம் மாதம். நோவு கண்டால் எந்த நேரமென்றாலும் வந்து தட்டு என்று சொல்லிவிட்டேன். "மாமிட கார்தானே, பயமில்லகா" என்றாள். உங்களுக்கு வாக்குத் தருகிறேன்: யார் தட்டினாலும் மைனர் போகும். போகுமுன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன். தேங்காயெண்ணெயை அடுப்படி தாண்டவிடமாட்டேன். ஆமணக்கெண்ணெய் கவினிக்குப் பாதி, காருக்குப் பாதி.

அந்த அரைச் சந்திரன் துண்டு எந்த இடத்துக்கு மாமி? வசந்திக்கு நோவு வருமுன் தெரிய வேண்டும். கெதியாப் பதில் எழுதுங்க.

உங்கள் மருமகள்,
கவினியின் அம்மா