பதினேழாம் பதிவின் மீதி

தம்பின்,
14 செப்டம்பர் 2024

அன்பு மகள் ரோகினிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இந்த வாரம் எட்டைத் தாண்டவில்லை. உன் இருமல் நின்றதா? பினாங்கில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். நூலகத்துக்குப் போகும்போது குளிர்சாதனத்துக்கு நேராக உட்காராதே.

தினமும் போனில் பேசுகிறோமே, எதற்கு இந்தத் தடித்த உறை என்று நினைப்பாய். போனில் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆங்கிலத்தில் எழுதலாம் என்று முதலில் உட்கார்ந்தேன். கான்வென்டில் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் அது. எதையும் மரியாதையாக மூடிவைக்க நன்றாக வரும். அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல விஷயம். உன் வாய்மொழித் தேர்வு முடிந்து, சிறு திருத்தங்களோடு ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கடிதத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். இந்த ஆண்டின் சிறந்த கல்வியியல் ஆய்வேட்டுக்கான பரிசு உனக்கு என்ற கடிதத்தை அதன் பக்கத்தில் மாட்டினேன். அது கொஞ்சம் கோணலாக இருந்தது, மூன்று முறை கழற்றி மாட்டினேன். மருந்துக்கடை நல்லசாமி என்னைப் பார்த்ததும், "டாக்டரோட அம்மா வராங்க, நாற்காலி போடுங்க லா" என்கிறார். எந்த டாக்டர் என்று யாராவது கேட்டால் நானே விளக்குகிறேன். முழுவதும் விளக்குகிறேன். போன வாரம் ஒரு பெண் மருந்து வாங்காமலே போய்விட்டாள்.

நாற்பது வயதில், இருபது வருட ஆசிரியர் வேலையை விட்டு, உதவித்தொகையில் ஒற்றை அறையில் தங்கி, உன் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு வரிசையில் நின்று சாப்பிட்டு, ஐந்து வருடம் படித்தாய். பாங்காக் மாநாட்டில் உன் கட்டுரையை வாசித்தபோது முதல் வரிசையில் இருந்தவர் எழுந்து நின்று கை குலுக்கினார் என்றாய். உன் அப்பா இருந்திருந்தால் அன்று முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவருக்கும் சேர்த்து நான்தான் பெருமைப்பட வேண்டியிருக்கிறது. குறைவில்லாமல் செய்கிறேன்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

போன ஞாயிறு நீ தேர்வறையில் நடந்ததைச் சொன்னாய். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ரப்பர் தோட்டத்துத் தாய்மார் இருபத்துமூன்று பேர் மகள்களின் படிப்பைப் பற்றிப் பேசிய பேட்டிகளையும் வரி விடாமல் படித்திருந்தார் என்றாய். பேட்டிகளை எழுத்தாக்கியவர் யார், இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டாராம். "என் அம்மா" என்றாயாம். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம். ஒன்பதாவது கேள்விக்கு எல்லாத் தாய்மாரும் பக்கம் பக்கமாகப் பேசியிருக்க, பதினேழாம் பதிவில் மட்டும் ஏன் ஒற்றை வரி? "பதிவு நடுவுல நின்னுபோச்சு, அவங்களுக்கும் வயசாச்சு, ஞாபகம் இல்லை" என்று சமாளித்ததாகச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ரோகினி, பதிவு நிற்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஞாபகமும் போகவில்லை.

நீ பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டியிருந்ததால் பதினேழிலிருந்து பத்தொன்பது வரை மூன்று பேட்டிகளை நான் எடுத்துத் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? கேள்வித்தாளை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும், நம் கருத்தைச் சொல்லக்கூடாது, பதிலுக்கு இடையில் பேசக்கூடாது என்று நீ சொல்லிக்கொடுத்தாய். அதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. எட்டாம் கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இருப்பது நான்கு தமிழ்க் குடும்பம்தான். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். கடைசி வீட்டில் இருப்பவள் பஞ்சாலை; அவள் பேச்சுதான் பதினேழாம் பதிவு. ரப்பர் பால் வெட்டிய காலத்தில் அவள் வெட்டிய மர நிரை எது என்று கேட்டால் இன்றும் சொல்வாள். அவள் மகள் மாதவி உன்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

ஒன்பதாவது கேள்வி: உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் என்ன?

கேட்டேன். பஞ்சாலை சிரித்தாள். உன் அப்பா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததால் அவளுக்கு நான் இன்றும் கிராணிம்மாதான். அவள் நெடுநேரம் பேசியதில் முக்கியமான இடத்தை இப்போது ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"என்னையா கேக்குறீங்க கிராணிம்மா? இத நான்லா ஒங்கள கேக்கணும். பால ஸ்டோர்ல ஊத்திட்டு, கையக்கூட கழுவாம ஓடியாந்தேன், ஸ்கூலு பெரிய சார் குடுத்த போராங்க, அந்த விண்ணப்ப பாரத்த, எடுத்துகிட்டு. சிரம்பான்ல ஹாஸ்டலு, பெரிய ஸ்கூலு, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்னாரு. மலாய்ல எழுத நம்ம தோட்டத்துல ஒங்கள விட்டா யாரு? நீங்க ரெண்டு வெரலால அத நுனியில புடிச்சீங்க. பால் கறை பட்டிருக்கு, இத அனுப்புனா தூக்கிப் போட்டுருவாங்க, போயி வேற வாங்கிட்டு வான்னீங்க. எங்க போயி வாங்குறது? ஸ்கூலுக்கு வந்ததே ரெண்டு. ஒண்ணு ஒங்க மேசமேல இருந்திச்சு, ரோகினி பாப்பாவோடது. இஸ்திரி போட்ட மாதிரி இருந்திச்சு."

பிறகு சொன்னாள்: "கோவமா சொல்லல. கேட்டீங்க, சொன்னேன். காப்பியக் குடிங்க, ஆறிப்போவுது."

நான் பத்தாவது கேள்வியைக் கேட்டேன். பதிவில் என் குரல் இருக்கிறது. அதில் ஒரு நடுக்கமும் இல்லை. மற்ற எதைவிடவும் அதைக் கேட்கத்தான் எனக்கு முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்தப் பதினொரு நிமிடத்தை விட்டுவிட்டு, "நினைவில்லை" என்று தட்டச்சு செய்தேன். உன்னிடம் பதிவு பாதியில் நின்றுவிட்டது என்று பொய் சொன்னேன். நீ நம்பினாய். கணக்கு வாத்தியார் தவறாகக் கூட்டினால்கூட அம்மா தவறாகச் சொல்லமாட்டாள் என்று சின்ன வயதிலிருந்து நம்பி வந்தவள் நீ.

அந்த 1991-ஆம் வருடத்தைப் பற்றி நான் உனக்குச் சொன்ன கதை வேறு. மாதவி வீட்டில் அவளைப் படிக்க அனுப்பவில்லை, அந்த ஜனங்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். உன் ஆய்வின் முதல் அத்தியாயத்தில், இப்படிச் சொல்வதே தவறு என்று காட்டுவதற்காக, "படித்த குடும்பங்களில் வழங்கிவந்த விளக்கம்" என்று அதே வாக்கியத்தைப் போட்டிருக்கிறாய். அந்தக் குடும்பம் எது என்று நீ எழுதவில்லை. படித்தபோது அந்த நல்ல மனதுக்காக உன்மேல் எனக்கு மரியாதை வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

நேற்று மறுபடி பஞ்சாலை வீட்டுக்குப் போனேன். டாக்சிக்காரர் தோட்டத்து மண்சாலையில் வரமாட்டேன் என்றதால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி நிற்கும் இடத்திலிருந்து நடந்தேன். விடுபட்ட பகுதியை முழுக்கத் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆய்வேட்டில் இதைச் சேர்க்க வேண்டும், சம்மதமா என்று கேட்டேன்.

அவள் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறை ஒண்ணும் இல்லியே?" என்றாள். பக்கத்து வீட்டு வங்காளதேசப் பையனுக்குக்கூடக் கேட்கும்படி சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. கேட்டாள்: "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுக்காதீங்க. ரப்பர் பாலு காஞ்சதும் வெரல வச்சித் தேச்சா உருண்டு வந்துரும். பச்சப் புள்ளைக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா கிராணிம்மா?"

"தெரியும்" என்றேன்.

ரோகினி, முப்பத்துமூன்று வருடமாக அது சுத்தம் பற்றிய விஷயம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கான்வென்டில் ஒரு மைத்துளி விழுந்தால் சிஸ்டர் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைப்பார். அப்படி வளர்ந்தவள் நான், வேறெப்படிச் செய்வேன் என்று. அன்றைக்கே உன் அப்பா, "பஞ்சாலை கொண்டுவந்த பாரம் என்னாச்சு?" என்று கேட்டார். சுத்தமானது கொண்டுவரவில்லை என்றேன். அவர் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து பெரிய சார் வீட்டுக்குப் போனார். அன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. பெரிய சார் தபால் பையைக் கட்டி டவுனுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

கறை மட்டும்தான் காரணமா என்று நீ கேட்கத்தான் போகிறாய். நீ ஆய்வாளர், கேட்க வேண்டும். அந்த வருட ஆறாம் வகுப்புத் தேர்வில் தோட்டத்துப் பள்ளியில் முதலாவதாக வந்தவள் மாதவி. நீ இரண்டாவது. நான் கிராணியின் மனைவி. இதற்குமேல் ஒரு வரி எழுத என் கை வரவில்லை. நீ எழுது.

பஞ்சாலை சம்மதம் சொல்லிவிட்டாள். "போடுங்க. நம்ம ரோகினி பாப்பா எழுதுனா சரியாதான் எழுதும். எம்பேர வேணும்னாலும் போடச் சொல்லுங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒங்க பேரு வேணாம்லா, கிராணி வூட்டம்மான்னு போட்டாலே போதும், செத்தவங்க வரைக்கும் தெரியும்" என்றாள். மாதவி பதினாறு வயதில் செனவாங் தொழிற்சாலையில் சேர்ந்து, இப்போது அம்பாங்கானில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். அவளிடமும் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "அது நீங்களே போயி சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பஞ்சாலை. செவ்வாய்க்கிழமை போகிறேன்.

இந்த உறையில் முழுப் பதிவும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. விடுபட்ட பக்கங்களும், பஞ்சாலை கைநாட்டு வைத்த சம்மதத் தாளும் இருக்கின்றன. திருத்தம் சமர்ப்பிக்க உனக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் உண்டு, எண்ணிப் பார்த்தேன். உன் மேற்பார்வையாளரிடம் இது கிடைத்த அன்றே சொல். தள்ளிப்போடாதே. பரிசைத் திரும்பப் பெறுவார்களோ என்று பயந்து மறைக்காதே. போனால் போகட்டும், கூடத்தில் மாட்டியதை நானே கழற்றிக்கொள்கிறேன். நன்றியுரையில், "பேட்டிகளை ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கித் தந்த அம்மாவுக்கு" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. வேறெதுவும் அங்கே எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைப் பற்றி எழுதும் பத்தியில் இரக்கம் வேண்டாம். மற்றவர்களைப் பற்றி எழுதியதுபோல் நேராக எழுது. அம்மா வயதானவள், அந்தக் காலம் அப்படி என்றெல்லாம் அடிக்குறிப்பு போட்டால், அந்தப் பக்கத்தை நானே சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன். என் மகள் மழுப்பி எழுதுகிறவள் என்று எவரும் சொல்லக்கூடாது. இந்த ஐந்து வருடத்தில் நீ எழுதிய நானூறு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட அப்படி எழுதவில்லை. அதற்காகத்தான் எனக்கு இவ்வளவு பெருமை. பரிசுக்காக இல்லை.

நவம்பர் பட்டமளிப்புக்கு புலாவ் செபாங்கில் காலை ரயில் ஏறி வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நீ என்னை அழைத்துவர ஸ்டேஷனுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வழி விசாரித்து வருவேன். அங்கி தோளில் சரியாமல் உள்ளே ஊசி குத்திக்கொள். தலையை நிமிர்த்தி நட. டாக்டர் ரோகினி தங்கராஜு என்று பெயரைச் சொல்லி அழைக்கும்போது நான் எழுந்து நின்று கை தட்டுவேன், உட்காரச் சொன்னாலும் நிற்பேன்.

எல்லா நலமும் பெற்று, படித்த படிப்புக்கு உண்மையாக நீ நெடுநாள் இருக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கும்போது, மனம் வந்தால், ஒரே ஒரு தடவை நான் நிற்கும் பக்கம் திரும்பிப் பாரம்மா.

உன் அம்மா,
விமலா தங்கராஜு