அத்தையின் இடுப்பெலும்பு

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் சொன்னால் குறுக்கே விளக்கம் சொல்வீர்கள் என்பதால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

முதலில் உங்கள் அம்மா. அறுவை சிகிச்சை வேண்டாம், கொஞ்ச நாள் படுத்திருந்தால் உடைந்த இடுப்பெலும்பு தானே கூடிவிடும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். அதுவரை எல்லாம் படுக்கையில்தான். இடுப்பைத் தூக்கினால் அத்தை அலறுகிறார். தூக்காமல் பெட்பேனை எப்படி வைப்பது? பாதி அதில் விழுகிறது, மீதி விரிப்பில். டெட்டால் போட்டுக் கழுவியும் என் கையால் சாப்பிட எனக்கே பிடிக்கவில்லை. மருமகள் இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். மூஞ்சி சுளித்தாலும் கை வேலையை நிறுத்தவில்லை.

ஆனால் அன்று வீடியோ காலில் நீங்கள் செய்தது இதைவிட நாறுகிறது. அம்மாவைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நம்பி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீங்களோ உங்கள் உடற்கூறு வகுப்பில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் இடுப்பெலும்பைத் தூக்கிக் காட்டி, இது ஒரு வளையம், ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்திலும் விரிசல் இருக்கும் என்று பாடம் நடத்தினீர்கள். அதோடு விட்டீர்களா? அடியில் இருக்கும் தசைகள்தான் சிறுநீரை அடக்குகின்றன என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு, "ஏம்மா, அடக்க முடியுதா, இல்ல தானா போயிடுதா?" என்று கேட்டீர்கள். பெற்றவளிடம், அத்தனை மாணவர்கள் முன்னால். பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். எலும்பு எலும்பாகப் படித்தவருக்கு மானம் எந்த எலும்பில் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லையா? சீ.

அன்றிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் தள்ளிவிடுகிறார். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "குடிச்சாத்தானே போகும்" என்கிறார். நாக்கு வெடித்திருக்கிறது. டாக்டர் சலைன் ஏற்றிவிட்டு, வாயால் குடிக்காவிட்டால் சிறுநீரகம் தாங்காது என்று சொல்லிப் போனார்.

லீவு போட்டு வாருங்கள். அந்த பிளாஸ்டிக்கை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வந்து எதையும் விளக்க வேண்டாம். நீங்கள் அவரை மெதுவாகத் தூக்குங்கள், நான் பெட்பேனை வைக்கிறேன்.

இன்று காலை துணி மாற்றும்போது அத்தை கேட்டார்: "அவன் கிளாஸ் பசங்களுக்குப் பாடம் புரிஞ்சுதாம்மா?"

நீங்களே வந்து சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு டம்ளர் தண்ணீரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி