முழுக்கைச் சட்டை

காரமடை,
9.6.1996

அன்புள்ள மாமாவுக்கு,

கோமளா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நான் சுகம், நம் புவனா பாதி சுகம். ராய்ப்பூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறதாமே, போர்வெல் வண்டியில் இருக்கிற உங்களுக்கெல்லாம் மோராவது கிடைக்கிறதா?

உங்கள் கடிதம் வந்தது. என் மகள் என்ன எலியா, ஆஸ்பத்திரி ஆராய்ச்சியை உடனே நிறுத்து என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. முழங்கை மடிப்பைச் சொறிந்து ரத்தம் வரவைக்கிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் நான்தானே. ஆனால் உங்கள் பயம் புரியாமலும் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

கோயமுத்தூரில் கீதா டாக்டரம்மா, புவனாவுக்கு இருக்கிற இந்தக் கரப்பான் அரிப்புக்கு ஒரு புதுக் களிம்பைச் சோதித்துப் பார்க்கிறார். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்து கலக்காத வெறும் களிம்பு. எந்த டியூப் எது என்று அவருக்கே தெரியாதாம். இதையும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் சொன்ன பிறகுதான் கையெழுத்துக் கேட்டார். எங்களை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கிற படமெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள், அவர்களுக்குச் சிவந்து தெரியும், நம் நிறத்தில் கறுத்துச் சாம்பல் பூத்துத் தடிக்கும், அதைப் பார்த்து எழுதிவைத்தவர்கள் குறைவு என்றார். காரில் வருகிறவர்கள் மட்டும் போதாது, காட்டு வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வரவேண்டுமாம்.

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமியின் மகனும் இதில் இருக்கிறான். அவனுக்கு மளமளவென்று ஆறியது, புவனாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை. வெங்கடலட்சுமிக்கு மனசு கேட்குமா? அவன் களிம்பில் பாதியைக் குங்குமச் சிமிழில் பிதுக்கிக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு குழந்தைக்கு மட்டும் ஆறுனா எனக்குச் சோறு எறங்குமுங்களா அக்கா என்றாள். நானும் தடவினேன், ஆறத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் டாக்டரம்மாவிடம் நானே பெருமையாகச் சொல்லிவிட்டேன்!

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாருக்கு எதனால் ஆறியது என்று இனி எப்படிச் சொல்வேன் என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. நம்மை விலக்கிவிடுவார் என்று நினைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்கிறேன், வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே பாதிப்பேர் நின்றுவிட்டார்கள் என்றார். நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை வரச்சொன்னா கூலி போகுதுங்க, அப்புறம் எப்படி வருவாங்க என்று கேட்டுப்போட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே இங்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்க்கிறார். நின்றுபோன பெண்களில் சிலர் திரும்பியிருக்கிறார்கள். ஆண்கள்தான் ஒருவரும் வருவதில்லை என்று வருத்தப்படுகிறார்.

சிமிழைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புவனாவுக்கு மறுபடி தடித்திருக்கிறது. ஐப்பசியில் ஆராய்ச்சி முடிந்ததும், பலன் இருந்தால் எல்லோருக்கும் நிஜ மருந்தே தருவார்களாம். அதுவரை பொறுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யூனிபாரம் தைக்கப் போனபோது புவனா, அப்பா மாதிரி முழுக்கை வெச்சுத் தையுங்கம்மா, அப்பத்தான் யாருக்கும் தெரியாது என்றாள். சித்திரை வெயிலிலும் நீங்கள் கையை மடித்துவிட்டதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவீர்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் முழங்கை மடிப்பிலும் அதே தடிப்பு இருப்பதைப் பார்க்காமலும் இல்லை, மாமா. நீங்கள் மறைத்ததைக் குழந்தையும் பார்த்துப் பழகியிருக்கிறது.

தையல்காரரிடம் அரைக்கை அளவுதான் கொடுத்திருக்கிறேன். அழுதாள், ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

ஆடி நோம்பிக்கு வரும்போது உங்களையும் டாக்டரம்மாவிடம் காட்டுவோம். பரிசோதனையில் சேருவதும் சேராததும் உங்கள் இஷ்டம். எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். புவனா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பாள். அரைக்கைச் சட்டையோடு இறங்குங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
கோமளா