கேஸ் அறைச் சாவி

நவம்பர் 11, 2008. செவ்வாய்

விடாத தூறல். அடுப்புக்குப் பொறுக்கி வைத்த சவுக்கு மிளாறு முழுக்க நனைந்து கிடக்கிறது. கடலூர் ஓ.டி. துறைமுக ஏலத்தில் பெரிய மீனே இல்லை, கொஞ்சம் கவலை மீன் மட்டும். கூடை பாதி கூட நிறையவில்லை.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, புளி, கவிதாவுக்கு இருமல் மருந்து.

கவிதாவின் கிளாஸ் டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மீன் கையோடு போய் நின்றேன். "பத்தாவது படிக்கிற புள்ளம்மா. பாதி நாள் வரதே இல்ல. இப்படியே போனா பரீட்சைக்குப் பேரு அனுப்ப முடியாது." காலையில் புகையில் சமைத்துவிட்டு இழுப்போடு படுத்துக்கொள்கிறாள், நான் என்ன செய்ய என்றேன். "கேஸ் வந்தா சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். வந்துடுச்சுங்க என்றேன். கிளம்பி வந்துவிட்டேன்.

கேஸ் வந்தது ஆயுத பூஜைக்கு முன்னால். கவர்மென்ட் கொடுத்தது. பொட்டு வைத்து உள் அறையில் மர மேஜை மேல் வைத்திருக்கிறேன். நான் வீட்டில் இருந்தால்தான் பற்ற வைக்கலாம். ஏலத்துக்குப் போகும்போது அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

நவ. 12, புதன்

மழை ஜாஸ்தி. பக்கத்து வீட்டு சரோஜா கிண்டல்: "யக்கா, கேஸ பூட்டி வெச்சுக்கிட்டு புள்ளய சவுக்குத் தோப்புக்கு அனுப்புறியே. அது என்னா நகையா?"

சொல்வாள். சிதம்பரத்தில் தங்கச்சி தெருவில் சிலிண்டர் வெடித்த வீட்டை அவள் பார்த்தாளா? நான் பார்த்தேன். சுவரெல்லாம் கரி. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கவிதா வயசு. கவிதா அப்பாவோ கொச்சியில் மீன்பிடி போட்டில் இருக்கிறார். ஏதாவது ஆனால் இங்கே யார்?

நவ. 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. காலையில் திரும்பி வந்தால் கவிதா அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கிடக்கிறாள். வீடு முழுக்கப் புகை. ஈர மிளாறு. உதடு ஒரு மாதிரி வெளுத்து, நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. ஷேர் ஆட்டோ, பெரியாஸ்பத்திரி. மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து விட்டார்கள்.

நர்ஸ் கேட்டார்: "வூட்ல என்னா அடுப்பு?"

"கேஸ்."

"அப்பறம் புள்ள தலையெல்லாம் பொகை நாத்தம் அடிக்குதே?"

கவிதா என்னைப் பார்த்தாள். எனக்கு இடுப்பில் சாவி குத்திக்கொண்டே இருந்தது.

நவ. 15, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயப் போட்டேன். கவிதா கஞ்சி குடித்தாள். பிறகு கேட்டாள்: "எம்மா, கேஸ் மாட்ட வந்த ஆளு பால் காய்ச்சிக் காட்டும்போது நீ வாசல்லயே நின்னுட்ட. நான்தான் பக்கத்துல நின்னு பார்த்தேன். எனக்கு நிறுத்தத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அடுப்பில் இருக்கிற திருகைத் திருப்புவதோடு சரி. சிலிண்டர் தலையில் இருக்கிற ரெகுலேட்டரின் கருப்புச் சாவியை மூட வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் காட்டக் காட்ட நான் செய்தேன். திருப்பிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். சிரித்தாள் கழுதை.

நவ. 17, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டர் இன்னும் ஒரு நாள் ஓய்வு என்றார். கொச்சியிலிருந்து கவிதா அப்பா போன். நடந்ததைச் சொன்னேன். "பயந்தா ஆவுமாடி" என்கிறார். கடலுக்குப் போகிறவர், அவருக்கு என்ன.

நாளை சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாமா? வேண்டாமா? டீச்சர் முகம் வருகிறது. சிதம்பரத்துச் சுவரும் வருகிறது.

நவ. 18, செவ்வாய்

மாட்டிவிட்டுத்தான் போனேன். ஏலத்தில் விலை காதில் ஏறவில்லை. எவளோ என் சங்கரா மீனை எடுத்துப் போனாள், நான் கேட்கவும் இல்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

பாலத்து முனையிலிருந்து எப்போதும் எங்கள் கூரையைத்தான் பார்ப்பேன். புகை எழுந்தால் பிள்ளை சமைக்கிறாள், இருக்கிறாள் என்று அர்த்தம். இன்றைக்குப் புகை இல்லை. கேஸில் புகை வராது என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆனாலும் ஓடினேன். கூடையைச் சரோஜா வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சோறு மூடி வைத்திருக்கிறாள். கருப்புச் சாவி மூடியிருந்தது. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். பைக்கட்டு இல்லை, செருப்பு இல்லை. அறைச் சாவி ஆணியில்.

"எட்டரைக்கே பள்ளிக்கூடம் போயிட்டாளே யக்கா, தலை வாரி பூ வெச்சுக்கிட்டு," என்றாள் சரோஜா.

உட்கார்ந்து அழுதேன். சோற்றில் புகை வாசனையே இல்லை.

நாளைக்கும் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகணும். முடியுமா, தெரியவில்லை.