பிரித்து ஒட்டிய உறை

அன்பு மாப்பிள்ளை காதருக்கு,

நலமா என்று எழுதக் கை தானாகப் போகிறது. இத்தனை வருஷம் தபாலாபீசில் உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படித் தொடங்க வரும்? நீ போய் ஆறு மாசம் ஆகிறது. நம் ஊர் வாசகசாலை மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் உன்னிடம் பேசத்தான் வருகிறது. பேசுகிறேன். நாலு பேர் கேட்கட்டும். அவர்கள் கேட்க வேண்டிய விஷயமும் இதில் ஒன்று இருக்கிறது.

முதலில் செய்தி. மனுஷன் நிலாவில் இறங்கிவிட்டான் மாப்ளே. காலைச் செய்தியில் சொன்னார்கள். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் சந்தைக்கூட்டம் போல ஜனம். பாதிப்பேர் பொய் என்றார்கள். உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “அங்கெ எறங்குன புள்ளைக்கு, பத்திரமா இருக்கேன்னு அவுக அம்மாவுக்குச் சொல்லிவிட வழி இருக்கா?” என்று கேட்டார்கள். நீயாக இருந்தால் துணியில் ரேடியோ வால்வைத் துடைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பாய். எனக்கு, “இருக்கும்மா” என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

நாம் பழகியது புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில். நான் பொன்னமராவதிக்காரன், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிது. நீ பினாங்கிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாய். அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு தகரப்பெட்டி நிறைய ரேடியோச் சாமான்களோடு வந்திருந்தாய். ரேடியோ வைக்க லைசென்ஸ் வேண்டும், அதைத் தபாலாபீசில்தான் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லி, என் ஜன்னலுக்கு வந்தாய்.

“காத்துல வர்றதக் கேக்குறதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?”

“சட்டம் அப்படிங்க.”

“மழை பேஞ்சா நனையிறதுக்கும் வாங்கணுமாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் மாப்ளே, நடுவில் இரண்டரை வருஷம் தவிர, நீ கண்ணை மூடுகிற வரை ஓயவில்லை. ஒரு மாசத்திலேயே ‘ங்க’ போய் ‘மாப்ளே’ வந்துவிட்டது.

உன் ரேடியோ ரிப்பேர்க் கடையில் எந்த ரேடியோவுக்கும் முதுகுப் பலகை இருக்காது. உள்ளே ஆரஞ்சாக எரிகிற வால்வுகளை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கேட்டால், “மூடி வச்சா பேயிம்பாங்க. தொறந்து வச்சாத்தான் இது ஏன், அது ஏன்னு கேப்பாங்க” என்பாய். முதல் எலெக்ஷனில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று சின்னம் ஒட்டி வரிசையாக வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் அங்கே டியூட்டியில் இருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு நீ ஓட்டுப் போடாமல், ஒவ்வொரு பெட்டியின் அரக்கையும் விரலால் அழுத்திப் பார்த்தாய். “என்னயா நம்ப மாட்டியா?” என்று பல்லைக் கடித்தேன். “ஒன்னய நம்புறேன். பொட்டியத்தான் பாக்குறேன்” என்றாய். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு நாலு நாள் இருந்தது. இப்போது நினைத்தால், அந்த வரிசையில் உன்னைத் தவிர ஒருவனுக்கும் அப்படித் தோன்றவில்லையே என்றுதான் இருக்கிறது.

ரஷ்யாக்காரன் முதல் செயற்கைக் கோளை விட்டபோது ஒரு சாயங்காலம் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, கடைக்கு இழுத்துப் போனாய். நீயே சாமான் சேர்த்துப் பூட்டிய ரேடியோ செட். பனைமரத்திலிருந்து கடைக்கூரை வரை ஏரியல் கம்பி. கரகரவென்ற இரைச்சலுக்குள், கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. உன் கண்ணில் தண்ணீர். எனக்குப் பயமாக இருந்தது. நம்மைக் கேட்காமல் நம் தலைக்கு மேலே எவனோ சுற்றுகிறானே, நாளைக்கு அவன் எதை எதைப் பார்ப்பானோ என்றேன். “பாத்துட்டுப் போறான். ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?” என்றாய். பிறகு நீயே கொஞ்சம் நிதானித்து, “ரேடியோ எல்லாருக்கும் பேசுறது மாப்ளே. கடுதாசி ஒருத்தருக்குப் பேசுறது. ஒருத்தருக்குப் பேசுறத மத்தவன் கேட்டாத்தான் தப்பு” என்றாய். நாட்டுக்கு ஆபத்து என்றால் கடுதாசி என்ன, வீட்டுக் கதவு என்ன, எல்லாவற்றையும் திறந்து காட்டத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. அதை முழுக்க நம்பினேன்.

நம்பியதற்குச் சோதனை சீனச் சண்டையில் வந்தது. அந்த ஐப்பசியில் ஊர் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். பெண்கள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். பையன்கள் பட்டாளத்தில் சேர ரயிலேறினார்கள். கூடவே வதந்தியும் வந்தது. எதிரிக்கு வயர்லெஸ்ஸில் சேதி சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்றார்கள். நம் ஊரில் பனைமர உயரத்துக்குக் கம்பி கட்டியிருந்தவன் நீ ஒருவன்தான்.

மப்டியில் ஓர் அதிகாரி என்னிடம் வந்தார். உனக்கு வெளிநாட்டுக் கடிதம் வருகிறதா என்று கேட்டார். பினாங்கிலிருந்து அண்ணன் எழுதுவார் என்றேன். “அடுத்த கடுதாசி வந்தா, குடுக்குறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்” என்றார். கையில் உத்தரவு எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை மாப்ளே? அவருக்குப் பயந்து என்று சொன்னால் பொய். தேச சேவை செய்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அதுதான் உண்மை.

கடிதம் வந்தது. டீப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டி, உறையை நானே பிரித்தேன். உள்ளே ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. எல்லாம் அரபு எழுத்து. அதிகாரி பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “சங்கேதம்!” என்றார். அன்று மத்தியானமே உன் செட்டையும் உன்னையும் ஜீப்பில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். கடைத்தெருவே நின்று பார்த்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அது அரபுத் தமிழ் என்று எனக்குத் தெரியாது. எழுத்து அரபு, பேச்சு நம் தமிழ். சின்ன வயசில் ஓதுகிற பள்ளியில் அந்த எழுத்தை மட்டும்தான் உன் அம்மா படித்திருந்தார்கள். அதனால் உன் பெயர் போட்ட உறைக்குள் அண்ணன் அவர்களுக்கு அதில்தான் எழுதுவார். வாழ்க்கையில் அவர்கள் பிறர் தயவில்லாமல் படிக்கக்கூடியது அந்தக் கடிதம் ஒன்றே. நாலாம் நாள் புதுக்கோட்டையில் ஒரு பெரியவரைக் கூட்டி வந்து படிக்கச் சொன்னார்களாம். நீங்கள் அனுப்பிய ஊறுகாய் வழியில் ஒழுகிவிட்டது, கடைக்குட்டிக்கு முன்பல் ரெண்டும் விழுந்துவிட்டது, இன்னும் பக்கத்து வீட்டுக் கோழியோடு சண்டை போடுகிறீர்களா அம்மா என்று இருந்ததாம். படித்தவர் சிரித்துவிட்டாராம். உன்னை விட்டார்கள். செட் வந்தது, வால்வுகள் வரவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் உறையோடு ஆபீசுக்கு வந்தாய். ஓரத்தைத் தடவிக் காட்டினாய். போலீஸ் கடிதத்தைத் திருப்பி அனுப்பியதும் நான்தான் ஒட்டிக் கொடுத்தனுப்பியிருந்தேன், கோணலாக.

“யாரு மாப்ளே பிரிச்சா?”

“நாந்தான்.”

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அம்மாட்ட கேட்டிருந்தா அவங்களே படிச்சுக் காட்டிருப்பாங்களே. அவங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறது அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்” என்றாய்.

“நாட்டுக்கு ஆபத்துன்னு சொன்னாங்க...”

“யாரு சொன்னா? எழுதிக் குடுத்தாங்களா?”

கிளம்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, “வாரேங்க” என்றாய். அந்த ‘ங்க’வைத்தான் நான் இரண்டரை வருஷம் சுமந்தேன். “ரெண்டு கவர் குடுங்க.” “மணியார்டர் பாரம் இருக்குங்களா?” மரியாதையால் ஒரு மனுஷனை இவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதைவிடப் பெரிய சேதம் உன் வீட்டுக்குள் நடந்தது. இனி அந்த எழுத்தில் எழுத வேண்டாம் என்று பயந்துபோய் அண்ணனுக்குச் சொல்லிவிட்டாய். அப்புறம் வந்ததெல்லாம் சாதாரணத் தமிழ் எழுத்து. நீ படித்துக் காட்டுவாய், அம்மா கேட்டுக்கொள்வார்கள். மகன் எழுதியதை மருமகள், பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து கேட்பது வேறு. ஒரு மூலையில் தனியாக விரலை ஓட்டிப் படிப்பது வேறு இல்லையா? அதை நான்தான் பறித்தேன். உன் நாலு நாளை ஊர் பேசியது. இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இந்தி எதிர்ப்புக் கலவரம் வந்தபோது இன்னொரு அதிகாரி அதே மாதிரி வேண்டுகோளோடு வந்தார். பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாருக்கு வருகிற கடிதங்களைக் காட்ட வேண்டுமாம்.

“எழுதிக் குடுங்க சார்” என்றேன்.

“பாதுகாப்பு விசயம்யா. இதெல்லாம் எழுதிக்கிட்டா இருப்பாங்க?”

“பாதுகாப்பு விசயம்னாலதான் சார் கேக்குறேன். நாளைக்கு யாரு சொல்லிச் செஞ்சேன்னு எனக்குத் தெரியணும்ல?”

அவர் எழுதித் தரவில்லை. நானும் காட்டவில்லை. ரெண்டு மாசத்தில் விராலிமலைக்கு மாற்றல் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எப்படியோ உன் காதுக்கு எட்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்சி–மதுரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, துணியில் சுற்றிய ஒரு சின்ன ரேடியோவோடு என் வாசலில் வந்து நின்றாய்.

“லைசென்ஸ் இருக்கா மாப்ளே?”

மாப்ளே என்றாய். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் குழம்பு. “இருடா, இது பெருநாச் சட்டை” என்றாய்.

அதற்குப் பிறகும் நாம் சண்டை போட்டோம். புது மந்திரிசபை வந்தபோது போட்டோம். அணுகுண்டு நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று போட்டோம். நான் இந்த ஊருக்கே திரும்பி வந்த பிறகும் ஓயவில்லை. எல்லாவற்றிலும் நீ சொன்னதுதான் சரி என்று எழுதமாட்டேன். எழுதினால் நீயே நம்பமாட்டாய். நாட்டுக்குக் காவல் வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் காவல் காக்கிறவன் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று தெரியாத இடத்தில் என்னைப் போலத் தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவன்தான் முதலில் கெடுகிறான்.

உன் நெஞ்சுவலி உன்னை இத்தனை சீக்கிரம் முடிக்கும் என்று நினைக்கவில்லை. மூன்று பிடி மண் நானும் போட்டேன். அன்றைக்குத்தான் யோசித்தேன்: உன்னிடம் மன்னிப்புக் கிடைத்தது, உன் அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. நாற்பதாம் நாள் கழிந்ததும் போய்ச் சொன்னேன். பிரித்தது நான்தான் என்றேன்.

“தெரியும்ப்பா. காதர் அன்னைக்கே சொன்னான்” என்றார்கள். “ஒனக்குப் பலகாரம் குடுத்து விடுறத நிப்பாட்டுனேனா?”

நிறுத்தவில்லை. அந்த இரண்டரை வருஷமும் பெருநாளுக்குப் பெருநாள் தூக்குவாளி வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைப் பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன்.

பினாங்குக்கு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, அம்மாவுக்கு இனிப் பழைய எழுத்திலேயே எழுதுங்கள், இந்த ஆபீசில் நான் இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் பதில் வந்தது. எனக்கு இரண்டு வரி. அம்மாவுக்குத் தனி உறை, கனமாக இருந்தது. தபால்காரரிடம் கொடுக்காமல் நானே எடுத்துப் போனேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைக் கிழித்தார்கள். எழுத்தைப் பார்த்ததும் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வலப்பக்கத்திலிருந்து விரலை ஓட்ட ஆரம்பித்தார்கள். நீ சொன்ன மாதிரி சத்தம் போட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நடுவில் ஓர் இடத்தில் சிரித்தார்கள். இன்னோர் இடத்தில் விரல் நின்று, திரும்பி வந்து, அதே வரியை மறுபடி படித்தது. என்னம்மா எழுதியிருக்கிறார் என்று எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “டீ குடிச்சுட்டுப் போ” என்றார்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது மாப்ளே. நான் இந்த நாற்காலியில் இருக்கிற வரை, அதற்குப் பிறகும் என் கால் நடக்கிற வரை, அம்மாவின் கடிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒன்றில்கூட என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா கையால் டீ குடிக்கிற,
உன் மாப்பிள்ளை
சிதம்பரம்